வேக்யூம் டேபிள்: பம்பைத் தேடும் முன் பலகையைப் பாருங்கள்

எங்கள் சி.என்.சி. ரவுட்டரில், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி பிட்டைச் சுழற்றி வெட்டும் மிஷினில், 12 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) ஷீட்டில் ஜாலி வெட்டிக்கொண்டிருந்தோம். ஓரங்களில் கிளாம்ப் போட்டிருந்தோம், நடுவில் ஒன்றும் இல்லை. பாதி வேலை முடிந்திருக்கும். பக்கத்தில் நின்ற பையன், "ஷீட்டு எந்திரிக்குதுங்ணா!" என்று கத்தினான். நான் திரும்புவதற்குள் நடுப்பகுதி உப்பி மேலே வந்துவிட்டது. ஒரு கீச்சல், 6 மி.மீ. பிட் இரண்டாக முறிந்து ஒரு துண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. அடுத்த ஷீட்டுக்கு உஷாராக நடுவிலும் நாலு ஸ்க்ரூ அடித்தோம். பிட் நேராகப் போய் அதில் ஒரு ஸ்க்ரூவிலேயே ஏறியது. ஒரே நாளில் இரண்டு பிட். அடியில் காற்றை உறிஞ்சி ஷீட்டைப் பிடித்துவைக்கும் வேக்யூம் டேபிள் போட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, எத்தனை எச்.பி. பம்ப் வேண்டும் என்பதுதான். ஒருவர் 7.5 எச்.பி.க்குக் கீழே பேசவே மாட்டேன் என்றார். இன்னொருவர், ஏ.சி. மெக்கானிக் தூக்கிக்கொண்டு வருகிற கால் எச்.பி. பம்பே தாராளம் என்றார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவரவர் மனதில் இருந்த டேபிள் வேறு வேறு. காற்றுக் கசியும் டேபிளுக்கு ஒரு வகைப் பம்ப், கசியாத டேபிளுக்கு இன்னொரு வகை. மாற்றிப் போட்டால் இரண்டுமே பிடிக்காது. ஆகவே முதலில் என்ன வெட்டுகிறோம், அதற்கு எந்த மாதிரிப் பலகை, அதற்கப்புறம் பம்ப். இந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணக்கு கொஞ்சம்

வேக்யூம் ஷீட்டைக் கீழே இழுப்பதில்லை. அடியில் இருக்கும் காற்றை நாம் எடுத்துவிடுகிறோம், மேலே இருக்கும் காற்று அழுத்துகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ, வேக்யூம் மீட்டரில் 760 மி.மீ. பாதரசம். அதற்கு மேல் எந்தப் பம்பாலும் முடியாது. கோவை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே உச்ச வரம்பு 725 மாதிரி. ஊட்டியில் பட்டறை வைத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பானாலும் முள் 580-ஐத் தாண்டாது. பம்ப் விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்போது 8×4 அடி ஷீட்டை எடுத்துக்கொள்வோம். 244-ஐ 122-ஆல் பெருக்கினால் சுமார் 29,800 சதுர செ.மீ. மீட்டரில் வெறும் 100 மி.மீ. காட்டினாலே சதுர செ.மீ.க்கு 136 கிராம். மொத்தம் நாலு டன். ஒரு சின்ன லாரியில் ஏற்றும் செங்கல் எடை ஷீட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி. முழு ஷீட்டைப் பிடிக்க ஆழமான வேக்யூம் தேவையே இல்லை.

ஆனால் அதே 100 மி.மீ.யில் 10 செ.மீ. சதுரத் துண்டுக்குக் கிடைப்பது 13.6 கிலோ. பிட் துண்டைப் பக்கவாட்டில் தள்ளும்போது உராய்வுதான் அதை நிறுத்த வேண்டும். உராய்வை அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் நாலரை கிலோ. 5 செ.மீ. துண்டு என்றால் ஒரு கிலோவைச் சொச்சம். கையால் ஒரு தட்டு தட்டினாலே நகர்ந்துவிடும். வேக்யூம் டேபிளில் வரும் எல்லாத் தகராறும் இந்தச் சின்னத் துண்டுகளால்தான் வருகிறது. பெரிய ஷீட் யாரையும் படுத்துவதில்லை.

முதலில், இது தேவையா?

தேக்குக் கதவும் நிலையும் செதுக்குவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் வேக்யூமை மறந்துவிடுங்கள். கதவுப் பலகை கொஞ்சமாவது திருகியிருக்கும். அடியில் 2 மி.மீ. இடைவெளி இருந்தாலே காற்று அந்த வழியாகப் போய்விடும். கதவு தன் கனத்திலேயே பாதி நிற்கும், மீதிக்கு டி-ஸ்லாட் கிளாம்ப் போதும். பூஜை மண்டபத் தூண், சாமி உருவம் போன்ற தடிமனான மரத்துக்கும் இதேதான்.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பெயர்ப்பலகை மட்டும் வெட்டுகிறவருக்கு மாஸ்கிங் டேப் வழி இருக்கிறது. பெட்டில் (மிஷினின் மேடையில்) ஒரு டேப், ஜாப்பின் (வெட்டப்போகும் பொருளின்) அடியில் ஒரு டேப், இரண்டுக்கும் நடுவில் ஃபெவிக்விக். நம்ப முடியாத அளவுக்குப் பிடிக்கும், உரிக்கும்போது கறையும் இருக்காது. டபுள் சைடு டேப்பைவிட எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் தினம் பத்து ஷீட் வெட்டுகிறவர் டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் மிஷின் சும்மா நிற்கும். எம்.டி.எஃப்., பிளைவுட், மல்டிவுட் (பி.வி.சி. பலகை), அக்ரிலிக், ஏ.சி.பி. (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஷீட்) என்று ஷீட் வேலை அதிகம் இருப்பவருக்குத்தான் வேக்யூம் டேபிள் காசைத் திருப்பித் தரும். ஷீட்டை வை, வால்வைத் திற, ஓட்டு. அந்தப் பதினைந்து நிமிட மிச்சம்தான் லாபம்.

மூச்சு விடும் பலகையா, ரப்பர் கட்டமா?

முதல் வகையில், பெட்டின் மேல் பள்ளங்கள் வெட்டிய ஒரு பலகை, அதன் மேல் சாதாரண எம்.டி.எஃப். ஷீட். இதைத்தான் ஸ்பாயில் போர்டு என்கிறோம். எம்.டி.எஃப். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் காற்றை உள்ளே விடும். மேலும் கீழும் பளபளவென்று இருக்கும் தோலைத்தான் எடுக்க வேண்டும். சர்ஃபேசிங் பிட்டால் இரண்டு பக்கமும் முக்கால் மி.மீ. சீவினால் பலகை முழுக்க மூச்சு விட ஆரம்பித்துவிடும். அதன் மேல் ஷீட்டை எங்கே வைத்தாலும் பிடிக்கும், எந்த வடிவத்தில் வெட்டினாலும் பிட் அரை மி.மீ. ஸ்பாயில் போர்டுக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். "தண்ணி பட்டாலும் ஊதாது, நல்ல கெட்டி" என்று கடையில் சொன்னதைக் கேட்டு எச்.டி.எச்.எம்.ஆர். (அடர்த்தி கூடிய, ஈரம் தாங்கும் பலகை) வாங்கி ஸ்பாயில் போர்டாகப் போட்டேன். அலமாரிக்கு அருமையான சரக்கு. ஆனால் அந்தக் கெட்டித்தனமே இங்கே எதிரி. சீவியும் காற்று புகவில்லை. பம்ப் ஓடுகிறது, அடியில் மீட்டர் அழகாக முள்ளைக் காட்டுகிறது, மேலே ஷீட் விரலால் தள்ளினால் நகர்கிறது. இருப்பதிலேயே விலை குறைந்த, உள்ளறைக்கு என்று விற்கிற சாதா எம்.டி.எஃப்.தான் இதற்குச் சரி. எடை குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்த வகையின் குறை, எப்போதும் கசியும். ஷீட் மூடாத இடத்தில் கசியும், வெட்டிய கோட்டில் கசியும், பலகையின் நாலு விளிம்பிலும் கசியும். விளிம்புக்கு ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து இரண்டு கோட் அடிக்கலாம், பெயின்டும் போதும். மூடாத இடத்தில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரிக்கலாம். கல்யாண பேனர், காதணி விழா பேனர் எல்லாம் என் டேபிளில் குப்புறப் படுத்திருக்கின்றன. வெட்டிய கோட்டுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. 6 மி.மீ. பிட்டில் 20 மீட்டர் வெட்டினால் திறந்திருக்கும் பரப்பு 1,200 சதுர செ.மீ. வேலை முடிய முடிய முள் இறங்கும். அதைத் தாங்குகிற பம்ப் வேண்டும்.

இரண்டாவது வகையில் காற்று புகாத பலகை வேண்டும். ஹைலம், பேக்லைட், தடித்த அக்ரிலிக், எதுவானாலும் சரி. அதில் 25 அல்லது 30 மி.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாக 6 மி.மீ. அகலப் பள்ளம். ஜாப்பின் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்தப் பள்ளத்தில் ஸ்பாஞ்ச் ரப்பர் கார்டைச் சுற்றிப் பதிக்க வேண்டும். உள்ளே ஒரு ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சினால், சுற்றியிருக்கும் ரப்பர் நசுங்கி அடைத்துக்கொள்ளும். கசிவு கிட்டத்தட்டக் கிடையாது. சின்னப் பம்பிலேயே 600 மி.மீ. வரும். அப்போது அதே 10 செ.மீ. துண்டுக்கு 80 கிலோவுக்கு மேல் பிடி. ரப்பரின் உராய்வு வேறு கூடுதல். அலுமினியம் பிளேட்டில் எழுத்துச் செதுக்குகிறவருக்கு இதைவிட்டால் வேறு வழி தேட வேண்டியதில்லை.

ஆனால் ரப்பர் கோட்டைத் தாண்டி வெட்ட முடியாது. ஷீட்டின் நடுவில் முழு ஆழத்துக்கு ஒரு ஓட்டை போட்டால் அத்தோடு பிடி போயிற்று. அந்த ஓட்டையைச் சுற்றியும் தனியாக ரப்பர் போட வேண்டும். ஜாலி வெட்டுகிறவர் இதை யோசிக்கவே வேண்டாம். கார்டு வாங்கும்போது ஒரு விஷயம். தண்ணீரில் அமுக்கி எடுத்துப் பாருங்கள். குளிக்கும் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்தால் அது காற்றையும் விடும். குடிக்காததை வாங்குங்கள்.

இன்னொன்று, மேலே வைக்கும் ஜாப்பே எம்.டி.எஃப். என்றால் அதன் உடம்பு வழியாகவே காற்று இறங்கும். லேமினேட் ஒட்டிய ஷீட் 600-இல் நிற்கும் இடத்தில், வெறும் மெல்லிய எம்.டி.எஃப். 300-க்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பம்பில் கோளாறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க ஜாயின்ட் ஜாயின்ட்டாக டேப் சுற்றியதுதான் மிச்சம்.

மூன்றாவதாக ஒரே பொருளை நூற்றுக்கணக்கில் செய்கிறவருக்கு, அந்த உருவத்துக்கென்றே செதுக்கிய ஜிக். 12 மி.மீ. அக்ரிலிக் துண்டில் உருவத்தைச் சுற்றி ரப்பர், நடுவில் காற்று வழி. சாவிக்கொத்துப் பலகை, ஷீல்டு, மொபைல் ஸ்டாண்ட் செய்கிறவர்கள் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, செய்தால் வேலை செய்யும்.

இப்போது பம்ப்

பம்புக்கு இரண்டு குணம். எவ்வளவு ஆழம் இழுக்கும் (மீட்டர் முள் எதுவரை ஏறும்), எவ்வளவு காற்றை நகர்த்தும். விற்கிறவர் எச்.பி.யை மட்டும் சொல்வார். ஏ.சி. மெக்கானிக்கின் ரோட்டரி வேன் பம்ப் ஆழத்தில் ராஜா, முள்ளைக் கடைசி வரை தள்ளிவிடும். ஆனால் அது நகர்த்தும் காற்று நிமிடத்துக்கு 85 லிட்டர் மாதிரி, மணிக்கு 5 கன மீட்டர். வேகமாகச் சுழலும் சக்கரத்தால் காற்றைத் தள்ளும் 3 எச்.பி. ரிங் புளோவர் மணிக்கு 300 கன மீட்டர் நகர்த்தும், ஆழமோ 160 மி.மீ.யோடு சரி. அறுபது மடங்கு வித்தியாசம். நல்ல வேக்யூமில் ஒரு சதுர மி.மீ. விரிசல் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் காற்று நுழையும். அப்படியென்றால் இரண்டு தீக்குச்சி நுழையும் அளவு ஓட்டை போதும், அந்த ஏ.சி. பம்ப் தோற்றுவிடும். மூச்சு விடும் பலகைக்கு அதைப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது மாதிரி. கூடவே எண்ணெயில் எம்.டி.எஃப். தூசி கலந்து குழம்பாகும், வெளியே எண்ணெய்ப் புகை கக்கும். ரப்பர் கட்டத்துக்கு மட்டும், முன்னால் நல்ல ஃபில்டர் வைத்துப் போடலாம்.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் அதே ஜாதி, காற்று இன்னும் குறைவு. ஓட ஓட எண்ணெயை வெளியே தள்ளிவிடும். பத்து ரூபாய் செலவில்லாமல் சோதித்துப் பார்க்க நல்லது, தொழிலுக்கு வேண்டாம்.

ரப்பர் கட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, பால் கறக்கும் மிஷினின் பம்ப். மாட்டுக் கொட்டகைக்கென்றே செய்தது. 40 முதல் 50 கிலோபாஸ்கல், அதாவது 300 முதல் 375 மி.மீ.யில் இடைவிடாமல் ஓடுவதுதான் அதன் வேலையே. ஒன்றிரண்டு மாடு கறக்கும் சின்ன மிஷினே நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 லிட்டர் நகர்த்தும். ஆழம் சுமார், காற்று சுமார், இரண்டும் ரப்பர் கட்டத்துக்குத் தாராளம். கொஞ்சம் கசிந்தாலும் மன்னிக்கும். பால் பண்ணைகள் இருக்கும் பக்கமெல்லாம் சர்வீஸும் உதிரி பாகமும் கிடைக்கும். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழும் குப்பியை மட்டும் காய விடக்கூடாது.

அடுத்து ஆஃப்செட் பிரஸ்ஸில் தாள் தூக்குகிற டிரை வேன் பம்ப். சிவகாசி மாதிரி ஊர்களில் பழைய பிரஸ் கழிக்கும்போது இவை தனியாக விற்பனைக்கு வரும். எண்ணெய் கிடையாது, உள்ளே கார்பன் பிளேடுகள். ஆழமும் நன்றாக இருக்கும், காற்றும் சுமாராக இருக்கும். வாங்கும்போது மூடியைக் கழற்றி பிளேடின் அகலத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தேய்ந்த பிளேடை மாற்றாமல் ஓட்டினால் உள்ளே உடைந்து உடம்பையே கீறிவிடும்.

கம்ப்ரஸர் ஏற்கெனவே இருப்பவருக்கு வென்ச்சுரி. கம்ப்ரஸர் காற்று அதற்குள் பாயும் வேகத்தில் டேபிளின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளங்கை அளவுப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் கட்டை, ஓடும் பாகமே கிடையாது, தூசிக்குப் பயப்படாது. 1 மி.மீ. நாசில் நிமிடத்துக்கு 50 லிட்டர் காற்றைக் குடிக்கும், 2 எச்.பி. கம்ப்ரஸர் தாங்கும். 2 மி.மீ. நாசில் போட்டால் 200 லிட்டர், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடித் தவிக்கும். முதல் ஜிக்கைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை. தினமும் எட்டு மணி நேரம் ஓட்டினால் கரண்ட் பில் கண்ணைக் கட்டும்.

சரி, மூச்சு விடும் பலகைக்கு என்ன? இங்கே போட்டி மூன்று பேருக்குள். வேக்யூம் கிளீனர் மோட்டார், ரிங் புளோவர், உள்ளே சுழலும் தண்ணீர் வளையத்தால் காற்றை உறிஞ்சும் வாட்டர் ரிங் பம்ப்.

கிளீனர் மோட்டாரைக் கேலி செய்கிறவர்கள் அளவுகளைப் பார்ப்பதில்லை. 1,200 வாட் மோட்டார் 150 முதல் 200 மி.மீ. வரை இழுக்கும், திறந்த வாயில் மணிக்கு 150 கன மீட்டருக்குக் குறையாது. இரண்டு மோட்டாரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 3 எச்.பி. ரிங் புளோவருக்கு அண்ணன் தம்பி. விலை பத்தில் ஒரு பங்கு மாதிரிதான். கரண்டும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டுமே எட்டு மணி நேரத்துக்கு 18, 19 யூனிட்.

வித்தியாசம் ஆயுளில். உள்ளே கார்பன் பிரஷ், 500 முதல் 1,000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். முழு நேரம் ஓட்டினால் மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ். வீட்டுக் கிளீனரில் இருப்பது, தான் உறிஞ்சும் காற்றாலேயே தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும் மோட்டார். ஷீட் மூடிக் காற்று நின்றால் சூடாகும். நான் முதலில் போட்டது அதுதான். வழி அடைத்ததும் சத்தம் மெலிந்து உச்சத்துக்குப் போகும், விசில் மாதிரி. கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும், அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். நாற்பது நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாடை. பை-பாஸ் மோட்டார் என்று கேட்டு வாங்க வேண்டும். குளிர்விக்கத் தனி விசிறி மேலே இருக்கும். தரை கழுவும் தண்ணீர் உறிஞ்சும் கிளீனர்களில் வருவது அது. இரண்டு மோட்டார் போட்டால் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரப்பர் மடல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை நிறுத்தியதும் மற்றது அதன் வழியாகவே வெளிக்காற்றை இழுக்கும்.

ரிங் புளோவருக்கு பிரஷ் இல்லை, எண்ணெய் இல்லை, பேரிங் போகும் வரை ஓடும். சத்தம் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்து கேட்கிற சத்தம் இல்லை. கிளீனர் மோட்டாருக்கு வந்து கேட்டார். நான் வாங்கியபோது 3 எச்.பி. புதிதாக 25,000 முதல் 45,000 ரூபாய்க்குள் கிடைத்தது. இதன் குணம் கிளீனருக்கு நேர் எதிர். வழி அடைபட அடைபட அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். முழு ஷீட் போட்டு எல்லா வழியும் மூடினால் உடம்பில் கை வைக்க முடியாது. ரிலீஃப் வால்வு இல்லாமல் ஓட்டவே கூடாது. குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் போனால் ஸ்பிரிங் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். த்ரீ ஃபேஸ் இல்லாதவர், சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் ஒரு வி.எஃப்.டி. வைத்துக்கொள்ளலாம்.

வாட்டர் ரிங் பம்ப் இரண்டு குணமும் உள்ள ஒரே ஆள். ஆழம் 650-ஐத் தாண்டும், காற்றும் நிறைய, தூசி வந்தாலும் தண்ணீரில் கரைத்துவிடும். 1325 (1300-க்கு 2500 மி.மீ. பெட்) மிஷினுடன் பெரிய பட்டறைகளில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் 7.5 எச்.பி. என்றால் எட்டு மணி நேரத்துக்கு 44 யூனிட். தண்ணீர்த் தொட்டி, குழாய், பாசி, தரை ஈரம். கோடையில் தொட்டித் தண்ணீர் சூடானால் ஆழமும் குறையும். 35 டிகிரியிலேயே நீராவி மட்டும் 42 மி.மீ. சாப்பிட்டுவிடும். எம்.டி.எஃப். அடுக்கி வைக்கிற இடத்தில் ஈரத்தைக் கொண்டுவருவது எனக்கு ஒத்துவரவில்லை. மலிவு என்ற பேச்சுக்குள்ளும் இது வராது.

நான் கட்டியது

1325 பெட். அடிப்பலகை 18 மி.மீ. மல்டிவுட், காற்று புகாது, மழைக்காலத்தில் ஊதாது. மிஷினையே வைத்து 10 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்தில் 45 மி.மீ.க்கு ஒரு பள்ளம் வெட்டினேன். பெட்டை ஆறு பாகமாகப் பிரித்து, பாகத்துக்குப் பாகம் 30 மி.மீ. மதில் விட்டேன். ஒவ்வொரு பாகமும் சுமார் 65-க்கு 83 செ.மீ. பாகத்துக்கு ஒரு பி.வி.சி. பால் வால்வு. சின்ன ஜாப் என்றால் ஒரே பாகத்தைத் திறந்து மொத்தப் பம்பையும் அதற்கே கொடுக்கலாம். காசு குறைவாக இருப்பவருக்கு இந்தப் பிரிப்புதான் உயிர். 3 எச்.பி. முழு பெட்டுக்கு நோஞ்சான், இரண்டு பாகத்துக்குப் பயில்வான். மேலே எம்.டி.எஃப்., அதற்கு ஸ்க்ரூ கிடையாது, வேக்யூமே அதையும் பிடித்துக்கொள்ளும். மெயின் குழாய் இரண்டரை இஞ்ச். புளோவர் வாய் இரண்டு இஞ்ச் இருக்க ஒரு இஞ்ச் ஓஸ் போட்டு, பிடிக்கவில்லை என்று புலம்பியவரை எனக்குத் தெரியும். முதலில் இரண்டு பை-பாஸ் மோட்டார், எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிந்தது. ஒன்றரை வருடம் கழித்து மோட்டாரைக் கழற்றிவிட்டு ரிங் புளோவர் போட்டேன். பலகையில் ஒரு பள்ளம்கூட மாற்றவில்லை.

ஃபில்டருக்கு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டுக்குள் லாரி ஏர் ஃபில்டரை வைத்தேன். வேலை செய்தது. ஒருநாள் எல்லா வால்வையும் மூடிவிட்டுப் பம்பைப் போட்டார்கள். பக்கெட் 'டொப்' என்று காலி தண்ணீர் பாட்டிலைக் கசக்கியது போல ஒட்டிக்கொண்டது. இப்போது ஆறு இஞ்ச் பி.வி.சி. குழாயில் செய்த உருளை.

கசிவைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி கிடையாது. ஷீட் போட்டு, புளோவரை ஓட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு விளிம்போரமாக ஊதுபத்தியைக் கொண்டு போனால் புகை எங்கே வளைந்து உள்ளே நுழைகிறதோ அங்கே ஓட்டை. முதல் நாள் தேடியதில் ஒரு வால்வின் தண்டு வழியாகவே கசிந்தது. அடைத்ததும் மீட்டர் 95-இலிருந்து 130-க்கு ஏறியது. புதுப் பம்ப் வாங்காமலேயே கிடைத்த 35.

சின்னத் துண்டுகளுக்கு வழி பம்பில் இல்லை, வெட்டும் முறையில் இருக்கிறது. தூளைக் கீழே தள்ளும் டவுன்-கட் பிட்டைப் போட்டால் ஷீட்டும் கீழேயே அழுந்தும். சின்ன உருவங்களை முதலில், வேக்யூம் முழுசாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், பெரியவை கடைசியில். எல்லாவற்றையும் அடியில் 0.4 மி.மீ. தோல் விட்டு ஒரு சுற்று வெட்டிவிட்டு, கடைசிச் சுற்றில் தோலை அறுத்தால் அப்போது பிட்டின் தள்ளல் மிகக் குறைவு. உள்ளங்கையைவிடச் சின்னதென்றால் டேப் (tab), அதாவது துண்டை ஷீட்டோடு பிடித்துவைக்கும் வெட்டாத சின்னப் பாலம், விட்டுவிடுங்கள், அடம் பிடிக்காதீர்கள். அதைச் சுத்தியால் தட்டி எடுக்கிற நேரம் பிட் முறிகிற செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கரண்ட் கட் பற்றியும் யோசித்து வையுங்கள். ஸ்பிண்டில் சில நொடி சுற்றி நிற்கும், வேக்யூம் அதற்கு முன்பே போயிருக்கும். ஷீட் நகர்ந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ரப்பர் கட்டத்தில் ஒரு சின்ன டாங்கும் ஒருவழி வால்வும் இருந்தால் சில நிமிடம் பிடித்து நிற்கும். மூச்சு விடும் பலகையில் அந்த வசதி கிடையாது. அதனால் ஷீட்டின் இரண்டு ஓரத்துக்கு மூன்று ஸ்டாப்பர் ஆணி வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் ஷீட்டை அதில் முட்டித் தள்ளி, பிரேக் பாயின்ட்டிலிருந்து (வெட்டு நின்ற இடத்திலிருந்து) ஓட்டுவோம்.

என் நிலைமையில் இருப்பவர், அதாவது ஷீட்டை முழு ஆழத்துக்கு வெட்டுகிறவர், ஆறு பாகப் பலகையைக் கட்டி இரண்டு பை-பாஸ் மோட்டாரில் தொடங்கலாம். ஆர்டர் கூடினால் புளோவர். செதுக்கல், பிளேட், அளவு மாறாத துண்டு என்று போகிறவர் ரப்பர் கட்டமும் பால் மிஷின் பம்பும். இரண்டும் கலந்து வருகிறதென்றால் மூச்சு விடும் பலகையையே வைத்துக்கொண்டு, அதன் மேல் தூக்கி வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஹைலம் ஜிக்கும் வென்ச்சுரியும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டேபிளில் இரண்டு வேலையும் செய்ய வைக்க நான் செலவழித்த இரண்டு மாதத்தில் உருப்படியாக எதுவும் வரவில்லை.

பம்ப் எதுவானாலும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு மீட்டர் வேண்டும். என்னுடையதில் 70-இல் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். முள் அதைத் தொட்டால் பையன் மிஷினை நிறுத்திவைக்கும் பாஸ் (pause) பட்டனை அமுக்கிவிடுவான், என்னைக் கேட்க வேண்டியதில்லை.